எட்டு வினாடியில் பதில்

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவரைப் பாதியில் எழுப்புவது எனக்குப் பிடிக்காது. சாம்பார் ஊற்றிப் பிசைந்தவர் ரசத்துக்கு வருமுன்பே எழுந்து ஓடினால், அந்த வீட்டுக்கு அன்றைக்கு முழுக்க ஒரு குறை இருந்துகொண்டே இருக்கும். முப்பத்திரண்டு வருடம் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். சாப்பாட்டு மணி அடித்த பிறகு ஒரு பிள்ளையைக்கூட எதற்கும் கூப்பிட்டதில்லை. மற்றதெல்லாம் இந்த ஒரு குணத்திலிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

கபீர் பாய், நேற்று சாயங்காலம் நானே உங்கள் மில் ஆபீசுக்கு வந்து, பஞ்சநாதன் மேல் தப்பில்லை என்றேன். "அப்ப யார் மேலங்க டீச்சர் தப்பு?" என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் முன்பின்னாகிவிடும், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். வரும் வியாழக்கிழமை பஞ்சநாதனுக்கும் சுந்தரிக்கும் கல்யாணம். சனிக்கிழமை அவனை வேலையை விட்டு நிறுத்தினீர்கள். வேலை இல்லாத பையனுக்குப் பெண் இல்லை என்று சுந்தரியின் அப்பா ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சொல்லியனுப்பிவிட்டார். ஆகையால் இதை இன்றைக்குள் படித்து முடித்துவிடுங்கள். என் கையெழுத்து தெளிவாகத்தான் இருக்கும்.

முதலில் அந்தப் பேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெல் ஊறும் தொட்டியில் சூடு ஏறினாலோ, பாய்லரில் தண்ணீர் குறைந்தாலோ ஆபரேட்டருக்கு உடனே தெரிய வேண்டும் என்று பஞ்சநாதனுக்கு ஒரு பேஜர் வாங்கிக் கொடுத்தீர்கள். அவன் அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தபோது தாசில்தார் போல இருந்தான். ஆனால் எங்கள் ஊருக்கு அதன் சிக்னல் வரவில்லை. தஞ்சாவூர் எல்லைக்குள் போனால்தான் அதற்கு உயிர் வரும். தீபாவளிக்குச் சட்டைத் துணி எடுக்கப் போனவன் பஸ்ஸில் கரந்தையைத் தாண்டும்போது, பதினோரு அலாரம் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தது. பாய்லர் வெடிக்கப்போகிறது என்று நினைத்து அங்கேயே இறங்கி, ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு மில்லுக்கு ஓடி வந்தான். பதினொன்றும் முந்தின வாரத்து அலாரம். துணியும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கோயம்புத்தூரிலிருந்து அந்தப் பேசும் இயந்திரத்தை வரவழைத்தீர்கள். மில்லில் எங்காவது கோளாறு என்றால் அங்கே சங்கு ஊதும். அதே நேரத்தில் இயந்திரம் தானாகவே ஒரு டெலிபோன் எண்ணைச் சுற்றும். எடுத்தால், உங்கள் ஆபீசில் கணக்கு எழுதும் சுந்தரியின் குரல் பேசும். "வணக்கம். தொட்டி எண் இரண்டு. வெப்பம் அதிகம். செய்தி கிடைத்திருந்தால் எண் ஒன்றை அழுத்தவும்." ஒன்றை அழுத்தினால் மில்லில் சங்கு நின்று பச்சை விளக்கு எரியும். ஆபரேட்டர் கிளம்பிவிட்டார் என்று பொருள். எத்தனை வினாடியில் பதில் வந்தது என்று இயந்திரமே ஒரு துண்டுக் காகிதத்தில் அச்சடித்துத் தள்ளும்.

பஞ்சநாதன் வீட்டில் போன் இல்லை. எதிர்வீட்டில் இருக்கிறது. எதிர்வீடு நான். என் கணவர் கட்சிக் கிளைச் செயலாளராக இருந்தபோது எம்.பி. கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில் கிடைத்த போன் அது. அவர் போய் ஏழு வருடம் ஆகிறது. போன் இருக்கிறது. எங்கள் தெருவில் அச்சடித்த எல்லாக் கல்யாணப் பத்திரிகையிலும் பி.பி., அதாவது பக்கத்து வீட்டுப் போன், என்று போட்டு என் எண்தான் இருக்கும். அதே எண்ணைத்தான் உங்கள் இயந்திரத்திலும் போட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டார்கள். நானும் சரி என்றேன்.

போன் வந்தால் நான் தெருவுக்குள் ஓடுவதில்லை. தாம்பாளத்தை எடுத்து வாசலில் நின்று கரண்டியால் தட்டுவேன். எந்த வீட்டுக்கு எத்தனை தட்டு என்று கணக்கு உண்டு. பஞ்சநாதன் வீட்டுக்கு ஐந்து தட்டு. தெருவில் மற்ற எல்லாரும் அதை ஒரு வசதியாக எடுத்துக்கொண்டார்கள். பஞ்சநாதனின் அம்மா ராசம்மாள் மட்டும், "நாயைக் கூப்பிடற மாதிரி தட்டைத் தட்டிக் கூப்பிடுது பாரு" என்று வாசலில் நின்று சொன்னாள். நான் தட்டும்போதெல்லாம் அவள் தன் வாசலில் காலி மண்ணெண்ணெய் டின்னைத் தட்ட ஆரம்பித்தாள். ஒரு கட்டத்தில் போனில் பேசுகிறவர்களுக்கு எங்கள் தெருவில் சாமி புறப்பாடா என்று சந்தேகம் வந்துவிட்டது. பஞ்சாயத்தில் பேசி, மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை இரண்டு பேரும் எதையும் தட்டக் கூடாது என்று முடிவு செய்தார்கள். பாய், கவனியுங்கள். பஞ்சநாதன் வீட்டுக்கு வந்து சாப்பிடும் நேரமும் அதுதான். உங்கள் இயந்திரத்துக்குக் கோளாறு வரும் நேரமும் அதுதான்.

நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தெருவின் அகலம் பதினெட்டு அடி. ஆனால் எழுபத்து மூன்றாம் வருடத்திலிருந்து நான் அந்தப் பக்கம் போவதில்லை. என் மாமனாரின் மூன்று மா நிலத்தை ராசம்மாளின் மாமனார் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர்தான். குத்தகைதாரர் பெயரைப் பதியச் சட்டம் வந்தது. அவர் பதிந்தார். எங்கள் வீட்டில் கேஸ் போட்டார்கள். என் கணவரோ ஊர் ஊராக மேடையேறி உழுதவனுக்கே நிலம் என்று பேசிக்கொண்டிருந்தார். ஒருநாள் திருத்துறைப்பூண்டியில் பெரிய கைதட்டல் வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். மேசையில் தீர்ப்பு நகல் இருந்தது. நிலம் போயிருந்தது. பேசியது அவரே என்பதால் யாரையும் திட்ட முடியவில்லை. மாலையைக்கூடக் கழற்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. அந்த மூன்று மாவில் வாய்க்கால் தலைமாடு எங்கள் பக்கம் இருந்தது, வடக்கு வரப்பில் இரண்டு தென்னை இருந்தது, தண்ணீர் முதலில் பாய்வது அதற்குத்தான் என்பதெல்லாம் எனக்கு நினைவுகூட இல்லை.

நான் முதல்முறை ஒன்றை அழுத்தியது போன ஆனி மாதம். பஞ்சநாதன் காய்ச்சலோடு வந்து படுத்திருந்தான். போன் அடித்தது. சுந்தரி வணக்கம் சொன்னாள். அவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் பேசி நாளாகியிருந்தது. நானும் வணக்கம் சொல்லி, சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டேன். அது இயந்திரம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வணக்கம் சொல்கிறவளிடம் நலம் விசாரிக்காமல் எப்படிப் போனை வைப்பது. அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். தாம்பாளத்தைத் தட்டக் கூடாது. தெருவைத் தாண்ட முடியாது. பையனுக்குக் காய்ச்சல். அழுத்தினேன்.

இதில் எனக்குப் பழக்கம் உண்டு. பள்ளியில் சத்துணவுக்கு முட்டை போட ஆரம்பித்த காலத்தில், காலையில் களை பறிக்கப் போன பிள்ளை மத்தியானம் தட்டோடு வந்து நிற்கும். வருகைப் பதிவில் வரவில்லை என்று போட்டால் அதன் முட்டை போய்விடும். அதனால் வராத பிள்ளைக்கும் காலையிலேயே வந்ததாகப் போட்டுவிடுவேன். யாருக்கும் நஷ்டமில்லை. பிள்ளை எப்படியும் மத்தியானம் வந்துவிடப் போகிறது. பஞ்சநாதனும் அப்படித்தான். எப்படியும் இரண்டரை மணிக்கு மில்லுக்குப் போய்விடப் போகிறான். அவனுக்கும் வருகை போட்டேன்.

அந்த முதல் அலாரம் வெறும் தவிட்டுத் தூசி. சூடு பார்க்கும் கம்பியில் தூசி ஒட்டினால் இயந்திரம் பயந்துகொள்ளும். பத்தில் ஒன்பது அப்படித்தான் என்று பஞ்சநாதனே பிறகு சொன்னான். எனவே நான் அழுத்தியதில் பத்தில் ஒன்பது சரியான முடிவு. மாவட்டக் கல்வி அலுவலகம்கூட அவ்வளவு சரியாக முடிவெடுத்ததில்லை.

எல்லா நாளும் ஒரே நேரத்தில் பதில் போனது எப்படி என்று நீங்கள் அப்போதே யோசித்திருக்கலாம். சுந்தரி பேசி முடிக்க ஏழு வினாடி ஆகும். ஒருவர் பேசும்போது நான் குறுக்கே அழுத்துவதில்லை. முடிந்ததும் அழுத்த ஒரு வினாடி. எட்டு. உங்கள் காகிதத்தில் எட்டு எட்டு என்று வரிசையாக விழுந்தது. ஆயுத பூஜையன்று பொரி கடலை கொடுத்துவிட்டு, "நம்ம ஆபரேட்டர் எட்டு செகண்டுல பதில் சொல்றவரு. கோயம்புத்தூர்காரனே போன் போட்டு யாருங்க அதுன்னு கேக்குறான்" என்று பேசி, பஞ்சநாதனுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தீர்கள். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கைதட்டினேன். கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன் என்று நினைக்கிறேன், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று அவன்மேல் கோபப்படாதீர்கள். அவனுக்கே தெரியாது. மறுநாள் என் வீட்டு வேலியோரம் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"டீச்சர், யார்கிட்டயும் சொல்லாதீங்க. சுந்தரிதான் எனக்காக மெஷின்ல என்னமோ பண்ணுது."

"அப்படியா? ஏன் பண்ணணும்?"

"அதான் எனக்கும் புரியல. நான் லேட்டா வந்தா முதலாளி திட்டுவாருன்னு தானே? கேட்டா ஒத்துக்காது. தலையக் குனிஞ்சுகிட்டு சிரிக்குது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுந்தரி வந்தாள். பஞ்சநாதன் மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்த பிள்ளையா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். காபி குடித்து முடித்தபின், வந்த விஷயத்தைக் கேட்டாள்.

"டீச்சர், அவரு மத்தியானம் உங்க போன் பக்கத்துலயே உக்காந்திருப்பாரா?"

"ஆமாம்மா."

"சாப்பிடறப்பகூடவா?"

"தட்டைத் தூக்கிட்டு இங்கயே வந்துடுவான்."

"என் குரல்னு தெரிஞ்சுதான் எடுக்கறாரா?"

"மூணு தரம் மணி அடிக்கவிட மாட்டான்மா. நீ பேசி முடிக்கிற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு கேப்பான். அப்புறம்தான் அழுத்துவான்."

அவள் முகம் சிவந்துபோய்க் காபி டம்ளரை மறுபடி எடுத்துக் குடித்தாள். அதில் காபி இல்லை. நான் சொன்னதில் பாதிதான் பொய். கண்ணை மூடிக்கொண்டு கேட்டது நான்.

இப்படித்தான் அந்தக் கல்யாணம் அமைந்தது. அவன் அவளால் காப்பாற்றப்படுவதாக நினைத்தான். அவள் அவனால் கேட்கப்படுவதாக நினைத்தாள். தை பிறந்ததும் பேசி முடித்தார்கள். ஒரு தவறான தகவலின் மேல் நடக்கும் கல்யாணம் நிலைக்குமா என்று நான் யோசித்தேன். என் கணவர் பெண் பார்க்க வந்தபோது, நான் பாடுவேன் என்று என் அப்பா சொல்லியிருந்தார். இருபத்தாறு வருடம் நன்றாகத்தான் இருந்தோம்.

பத்திரிகை அடித்தார்கள். தெருவில் மற்ற வீடுகளுக்கு ராசம்மாள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு நேரில் போய் வைத்தாள். எனக்குப் பால்காரப் பொன்னுத்தாயிடம் கொடுத்தனுப்பினாள். உறைமேல் என் பெயர் இல்லை. "டெலிபோன் வீடு" என்று எழுதியிருந்தது. எனக்கு வருத்தம் இல்லை. அதை நான் நான்கைந்து முறை எடுத்துப் படித்தது எழுத்துப் பிழை பார்க்கத்தான். "நல்வரவை நாடும்" என்ற இடத்தில் இருபத்து மூன்று பெயர் இருந்தது. ஒலிபெருக்கி கட்டுகிறவர் பெயர்கூட இருந்தது. கீழே பி.பி. எண் என்னுடையது. ஒரு பிழையும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ராசம்மாள் வாசலில் நின்று பொன்னுத்தாயிடம் பேசியது எனக்குக் கேட்டது. காது கேட்பது ஆசிரியர்களுக்குத் தொழில்.

"எம்மவன் கல்யாணத்துக்குக் கடை அரிசி வாங்க மாட்டேன் பாத்துக்க. எங்க நெலத்து நெல்லு, கல்யாணத்துக்கு முந்துன வெள்ளிக்கிழமை மில்லுல போட்டு அவிக்கிறோம். அந்த மூணு மாவுல வெளஞ்சது. வந்தவங்க எல்லாரு எலையிலயும் அதுதான் விழணும். எதிர்த்த வீட்டு எலையிலயும் சேத்துத்தான்."

"டீச்சரம்மா வருவாங்களாக்கா?"

"வரட்டும், வராம போகட்டும். வந்தா, சோறு எந்த நெலத்துதுன்னு நானே பக்கத்துல நின்னு சொல்லிட்டுத்தான் கொழம்பு ஊத்துவேன்."

அவள் பேசியதில் எனக்கு ஒரே ஒரு கவலைதான். சமையல் சம்பந்தப்பட்டது. இந்தத் தையில் அறுத்த புது நெல் அது. புது அரிசிச் சோறு குழையும். ஐந்நூறு பேர் சாப்பிடும் பந்தியில் சோறு குழைந்தால் சுந்தரியின் வீட்டார் என்ன நினைப்பார்கள். கல்யாணத்துக்குப் பழைய அரிசிதான் சரி. இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. நான் சொல்ல முடியாது. தெருவின் அகலத்தை ஏற்கெனவே எழுதியிருக்கிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டிலிருந்து முப்பது மூட்டை நெல் டிராக்டரில் மில்லுக்குப் போனது. நான் எண்ணவில்லை. ஏற்றியவர்கள் சத்தமாக எண்ணினார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பஞ்சநாதன் சாப்பிட வந்தபோது வாசலிலேயே, "மூணாம் நம்பர் தொட்டிலதாம்மா போட்ருக்கேன். நீராவி லேசா தெறந்து விட்டுட்டு வந்திருக்கேன். சூடு ஏறுனா மெஷின் கூப்பிடும்" என்று அம்மாவிடம் சொன்னான். அன்றைக்குச் சுந்தரியின் அப்பாவும் அம்மாவும் பந்தி விவரம் பேச வந்திருந்தார்கள். பாயசம் வரை சமைத்திருந்தாள் ராசம்மாள். வெள்ளிக்கிழமை என்பதால் நீங்களும், வாட்ச்மேன் காதர் மைதீனும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தீர்கள். மில்லில் இருந்தவர்கள் மூட்டைமேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை அந்த வால்வை மூடக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான். அவன் அவியலைத் தொட்டுக்கொண்டிருந்தான்.

ஒன்று ஐந்துக்கு முதல் அழைப்பு வந்தது. "வணக்கம். தொட்டி எண் மூன்று. வெப்பம் அதிகம்." அந்த 'மூன்று' பதிவாகும்போது பின்னால் ஒரு சேவல் கூவியிருக்கிறது. கவனித்துக் கேட்டால் தெரியும். தூசியாக இருக்கலாம் என்று நினைத்து அழுத்தினேன். ஒன்று பதினைந்துக்கு மறுபடி. தூசி இரண்டு முறை கூப்பிடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் எதிர்வீட்டில் அப்போதுதான் சம்பந்திக்கு மோர்க்குழம்பு ஊற்றுகிறார்கள். மாப்பிள்ளை பாதியில் எழுந்து ஓடினால் பெண் வீட்டார் அதைச் சகுனமாக எடுத்துக்கொள்ளலாம். அழுத்தினேன். ஒன்று இருபத்தைந்து. அழுத்தினேன். நடுவில் நானும் சாப்பிட்டேன். எனக்கு அன்றைக்குக் கத்தரிக்காய் வதக்கல். ஒன்று முப்பத்தைந்து. அழுத்தினேன். அவளுக்கும் எனக்கும் அன்றைக்கு நிறையப் பேச்சு நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒன்று நாற்பது இருக்கும். பஞ்சநாதன் கை கழுவ வாசலுக்கு வந்தான். ஒருநாளும் கேட்காதவன் அன்றைக்குக் கேட்டான். சொந்த நெல் அல்லவா.

"டீச்சர், போன் ஏதும் வந்துச்சா?"

"இல்லப்பா."

"மெஷின் கூப்பிடலையா?"

"வந்தா சொல்ல மாட்டேனா? போய் நிதானமா பாயசம் சாப்பிடு."

அவன் போய் நிதானமாகப் பாயசம் சாப்பிட்டான். ஒன்று நாற்பத்தைந்துக்கு வந்த ஐந்தாவது அழைப்பையும் எட்டு வினாடியில் முடித்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். இரண்டேகாலுக்கு நீங்கள் வந்து பார்த்தபோது மூன்றாம் தொட்டியில் முப்பது மூட்டை நெல்லும் வெடித்து, உமியோடு பொங்கலாகித் தொட்டி விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசனை எங்கள் தெருவரை வந்தது. அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்த சுந்தரியின் அப்பா, எங்கோ பொங்கல் வைக்கிறார்கள் என்று சொல்லி மூச்சை இழுத்தார். அறுத்த வயலில் மேய்ந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டம் வரப்பைத் தாண்டி மில்லுக்குள் புகுந்துவிட்டது. எண்ணூறு வாத்து. தின்று முடித்த வாத்துகள் நடக்க முடியாமல் எடை மேடையிலேயே உட்கார்ந்துவிட்டதாகவும், வாத்துக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனதாகவும் காதர் மைதீன் சொன்னார். ஒரு தானியமும் வீணாகவில்லை என்று இதைப் பார்க்கலாம்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. என் வாசலில் ராசம்மாள் நின்றாள். எழுபத்து மூன்றுக்குப் பிறகு அவள் அந்தப் பதினெட்டு அடியைத் தாண்டியது அதுவே முதல்முறை. தலையில் நரை இவ்வளவு இருக்கும் என்று எதிர்வீட்டிலிருந்து பார்த்தபோது எனக்குத் தெரியவில்லை.

"டீச்சரம்மா."

"சொல்லுங்க."

"நெல்லு போச்சு. கேள்விப்பட்டிருப்பீங்க."

"வாசனை வந்துச்சு."

"கடையில புது அரிசிதான் இருக்காம். சமையக்காரரு பழசுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. உங்ககிட்ட போன வருசத்து அரிசி இருக்குமான்னு..." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கேக்கக் கூடாதுதான். ஆனா கல்யாணமாச்சே."

"உள்ள வாங்க. காபி குடிங்க. இருக்கான்னு பாக்கறேன்."

வந்தாள். குடித்தாள். என் கணவரின் படத்தைப் பார்த்து, "நல்ல மனுசன். மாலையோட வந்து உக்காந்திருந்தாரே அன்னைக்கு, எங்க மாமனாரு வந்து சொல்லிச் சொல்லி அழுவாரு" என்றாள். எனக்கு அது தெரியாது. இன்னொரு டம்ளர் காபி கொடுத்தேன். போகும்போது, "பத்திரிகைல உங்க பேரு விட்டுப்போச்சு. பந்தியில நீங்கதான் மொதல்ல உக்காரணும்" என்றாள். அப்போது எல்லாம் சரியாக முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நீங்கள் துண்டுக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஐந்து அழைப்புக்கும் எட்டு எட்டு வினாடியில் பதில் சொல்லிவிட்டு மில்லுக்கு வராமல் இருந்தவன் வேலைக்கு லாயக்கில்லை என்று பஞ்சநாதனை அனுப்பினீர்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. வருகை போட்டதற்காக ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஆகவே எழுதித் தருகிறேன். போன ஆனியிலிருந்து உங்கள் இயந்திரத்துக்கு மத்தியானத்தில் பதில் சொன்னது முழுக்க நான். வெள்ளிக்கிழமை ஐந்து முறை அழுத்தியதும் நான். போன் வரவில்லை என்று பொய் சொன்னதும் நான். பஞ்சநாதன் ஒரு தடவைகூட அழுத்தியதில்லை. அவனை இன்றைக்கே வேலையில் சேர்த்துக்கொண்டு, சுந்தரியின் அப்பாவுக்கு ஆள் அனுப்புங்கள். ராசம்மாளின் முப்பது மூட்டைக்கு என் பத்தாயத்திலிருந்து நெல்லுக்கு நெல் அளந்துவிடுகிறேன். என்னைப் போலீசில் சொல்வதானாலும் சொல்லுங்கள். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு மேல் சொல்லுங்கள். வியாழக்கிழமை முதல் பந்தியில் எனக்கு இடம் போட்டிருக்கிறார்கள்.

எட்டு வினாடி விஷயத்தைச் சுந்தரியிடம் மட்டும் சொல்ல வேண்டாம். கல்யாணம் முடிந்து முதல் சண்டை வரும்போது அவனே சொல்லிக்கொள்ளட்டும்.

ராசம்மாள் மேல் எனக்குக் கோபம் இருந்ததாகவோ, அந்த மூன்று மா அரிசி என் இலையில் விழக் கூடாது என்று நான் நினைத்ததாகவோ யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். சாப்பிடுகிறவனை எழுப்ப மனம் வரவில்லை, அவ்வளவுதான். பந்திக்கான அரிசி பற்றியும் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. போன வருடத்து வெள்ளைப் பொன்னி, ஆறு மூட்டை, பாபநாசத்தில் வேறொரு மில்லில் அரைத்து என் உள்ளறையில் தயாராக இருக்கிறது. ஒவ்வொரு மூட்டையிலும் மணமக்கள் பெயரும், "அன்பளிப்பு: நீலாம்பாள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை" என்பதும் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறது. சாக்கில் பெயிண்ட் காய மூன்று நாள் பிடிக்கும் என்பதால், வெள்ளிக்கிழமைக்குள் காய்ந்துவிடட்டும் என்று போன செவ்வாய்க்கிழமையே எழுதிவிட்டேன்.